மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தவள்

எங்கள் நகராட்சி நீச்சல்குளத்தில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பெண்களுக்கு மட்டும். வாசலில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. துணிமணி வைக்கிற லாக்கரின் சாவியை ரப்பர் வளையத்தில் கோத்து அப்போது அந்த ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தவளை நாங்கள் எல்லோரும் ‘சாவி’ என்றே கூப்பிடுவோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அறுபதை நெருங்கும் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. போகிறவர் வருகிறவரைப் பார்வையாலேயே எடைபோடுவார், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

“உங்க அம்மாவா?”

“இல்லீங்க, மாமியார்.”

“அடேயப்பா, மாமியாரைக் கூடவே வெச்சிருக்கீங்களா! வீட்டுக்காரர் என்ன பண்றார்?”

“அவரை விட்டுட்டு வந்துட்டோம்” என்பாள் சாவி, கையிலிருக்கும் சாவியை நீட்டிக்கொண்டே.

வந்தவர் அந்த ‘வந்துட்டோம்’ என்ற சொல்லை மென்று விழுங்குவதற்குள் அந்த அம்மா, “வரிசை நிக்குது பாரு, உள்ள போம்மா” என்று விரட்டிவிடுவார்.

நானும் அப்படி விழித்துக்கொண்டு நின்றவள்தான். எனக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்தது. தலை சீவக்கூட முடியாது. நீந்தினால் கை பழகும் என்று டாக்டர் சொன்னதால் குளத்துக்கு வந்தேன். வந்த இடத்தில் சாவி கிடைத்தாள். அவளும் அவள் மாமியாரும் ஆளுக்குக் கொஞ்சமாக, ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு எனக்குச் சொன்ன கதை இது.

சாவியின் கணவன் ஒரு லாரி கம்பெனியின் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவன். தெருவில் அவனுக்கு நல்ல பெயர். பக்கத்து வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடுவான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் ஆளே வேறு. சட்டையில் சுருக்கம், தேநீரில் சூடு போதவில்லை, கேட்டதற்குப் பதில் தாமதம், எது வேண்டுமானாலும் காரணமாகும். அடிப்பதற்கு முன்னால் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான். துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பான். முதுகு, தொடை, கைக்கு மேல்பக்கம். முகத்தைத் தொட மாட்டான். நல்ல பெயர் முக்கியமல்லவா?

சாவி சத்தமில்லாமல் நடக்கப் பழகினாள். சத்தமில்லாமல் பாத்திரம் கழுவவும், தும்மலை அடக்கவும் பழகினாள். “அந்த வீட்டுல நான் ஒரு ஆள் இருக்கேன்னு யாருக்கும் தெரியக்கூடாது அக்கா. அதுல நான் கெட்டிக்காரியாயிட்டேன்” என்று ஒருமுறை சொன்னாள். குழந்தை இல்லை. அதற்கும் அவள்தான் காரணம் என்று முடிவாகியிருந்தது.

மாமியார் அடுத்த அறையில் இருப்பார். டிவி சத்தம் ஏறியதும் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். பாத்திரம் எதுவும் இருக்காது. தண்ணீர் பாட்டுக்குத் தொட்டியில் கொட்டும். அவருக்கு இடது காது கேட்காது. அவருடைய கணவர், அதாவது இவனுடைய அப்பா, புதுப்பெண்ணாக வந்த காலத்தில் கன்னத்தில் விட்ட ஓர் அறையில் போனது அது. அந்த மனிதர் இறந்து பல காலம் ஆகிறது. ஆனால் மகனுடைய குரலில் தகப்பன் அப்படியே பேசுவதை அந்த அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு காதால்.

ஒருநாள் காலை, அவன் அலுவலகம் போன பிறகு, சாவியால் கையைத் தூக்க முடியவில்லை. சட்டை மாட்டிக்கொள்ள உதவிக்கு மாமியாரைக் கூப்பிட்டாள். அதுவரை கூப்பிட்டதில்லை. அந்த அம்மா வந்து முதுகைப் பார்த்தார். பழுத்தது, கன்றியது, ஆறியது, ஆறாதது என்று எல்லாம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து மருமகளுக்குத்தான் பாவமாகப் போயிற்று.

“விடுங்க அத்தை. எனக்குப் பழகிப்போச்சு.”

இதே வார்த்தையை, இதே சலிப்போடு, அந்த அம்மா தன் தாயிடம் சொல்லியிருக்கிறார். தாயும் சரி என்று கேட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். தான் சொன்ன சொல் இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததும் அந்த அம்மா திரும்பி நடந்தாராம். நேரே சமையலறைக்குப் போனார். அடுப்பில் குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. அணைத்தார்.

“கிளம்பு” என்றார்.

“எங்க அத்தை?”

“எனக்கென்ன தெரியும்? முதல்ல செருப்பைப் போடு.”

பட்டப்பகலில், தெருவே பார்க்க, மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பையோடு இறங்கி நடந்தார்கள். மாமியார் கையில் கூடுதலாக ஒரு குக்கர். அதிலிருந்த சோற்றை வேறு பாத்திரத்தில் மாற்றி மூடி வைத்துவிட்டு, சூடு ஆறாத குக்கரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். “இப்ப எதுக்கு அத்தை இது?” என்று மருமகள் பதற, “போன வாரம்தான் புது ரப்பர் மாட்டினேன். இதைப் போய் அவனுக்கு விட்டுட்டு வரச் சொல்றியா?” என்றாராம். பயத்தில் செத்துக்கொண்டிருந்த சாவிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் நிலையத்தில் எந்த வண்டி கிளம்பத் தயாராக நின்றதோ அதில் ஏறினார்கள். அது எங்கள் ஊர் வண்டி. அதற்காக அந்த டிரைவருக்கு நான் மனதுக்குள் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

முதலில் பெண்கள் காப்பகத்தில் இருந்தார்கள். அங்கே வந்த பெண் வக்கீல் ஒருவர், அவன் இவர்கள் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கிக் கொடுத்தார். பிறகு சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. ஒரு ஜன்னல், இரண்டு பாய், அந்தக் குக்கர். காப்பகத்தில் சொல்லித்தான் குளத்து வேலையும் கிடைத்தது. சாவி கொடுக்க வேண்டும், ஈரத்தரையைத் தள்ளிவிட வேண்டும், தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டு நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், யாராவது கழற்றி வைத்து மறந்துபோன தோடுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒற்றைத் தோடாகவே ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாள்.

எங்களுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவளை கோச் என்போம். அகலத் தோள், விசில் தோற்கும் தொண்டை. சாவி வேலைக்குச் சேர்ந்த புதிதில், தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அருகே நின்று கோச் யாருக்கோ கைவீச்சு காட்டினாள். கை உயர்ந்ததும் சாவி துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டாள்.

கோச் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கையை மெல்ல இறக்கிக்கொண்டு, துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். மறுநாளிலிருந்து சாவி பக்கத்தில் இருந்தால், “கையைத் தூக்குறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குவாள். யாரும் சொல்லாமலே நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம். தலையில் தொப்பி மாட்டும்போதுகூட “கையைத் தூக்குறேன் சாவி” என்போம். எனக்கோ கையைத் தூக்குவதே பெரும்பாடு. நான் அதைச் சொல்லும்போது, “அக்கா, நீங்க முதல்ல தூக்குங்க, அப்புறம் பயப்படலாமான்னு பாக்கறேன்” என்று அவளே கிண்டல் செய்கிற நாளும் வந்தது.

“நீங்களும் தண்ணில இறங்குங்களேன்” என்று கோச் அடிக்கடி அழைப்பாள். சாவி மாட்டேன் என்பாள். தண்ணீர்ப் பயம் என்று நினைத்தோம். அது இல்லை. உடை மாற்றும் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. சாவி அந்த அறையைத் துடைக்கும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே துடைப்பாள். கண்ணாடியைத் துடைக்க வேண்டுமென்றால் கீழ்ப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு துடைப்பாள். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

நான் எப்போதும் கடைசித் தடுப்புக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு உடை மாற்றுவேன். கேட்காமலே சாவி எனக்கு அந்தத் தடுப்புக்குப் பக்கத்து லாக்கர் சாவியைத்தான் தருவாள், வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்து. ஒருநாள் உள்ளே தாழ் சிக்கிக்கொண்டது. என்னுடைய கையில் பலமில்லை. சாவி வெளியிலிருந்து கதவைத் தூக்கித் தள்ளித் திறந்தபோது நான் மேலாடை இல்லாமல் நின்றேன். மறைத்துக்கொள்ள நேரமில்லை.

அவள் பார்த்தாள். தையல் தழும்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிதானமாகப் பார்த்தாள். நான் பரிதாபச் சொல்லுக்குத் தயாராக நின்றேன்.

“அழகாத் தச்சிருக்காங்க அக்கா” என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக என் உடம்பைப் பற்றி யாரும் அழகு என்ற சொல்லைப் பக்கத்தில்கூடக் கொண்டுவரவில்லை, நான் உட்பட. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவள் பயந்துபோய், “தப்பா சொல்லிட்டேனா?” என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு, “நானும் காட்டட்டுமா?” என்று கேட்டாள். திரும்பி நின்று சட்டையை மேலே உயர்த்தினாள்.

அந்த முதுகைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தொடலாமா என்று கேட்டேன். “ம்” என்றாள். உள்ளங்கையை வைத்தேன். முதலில் தோல் சுருங்கியது. பிறகு சுருங்கவில்லை.

அடுத்த வாரம் கோச் எங்கிருந்தோ முழுக்கை வைத்த நீச்சல் உடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாவி தண்ணீரில் இறங்கினாள். மாமியார் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டுக்கொண்டார். “ஏம்மா கோச்சு, அவ ஏற்கெனவே ஒல்லி, கரைஞ்சு கிரைஞ்சு போயிடப் போறா” என்றார். கோச் காதில் வாங்கவில்லை. “சாவி, இப்ப என் கையை உங்க முதுகுக்குக் கீழ கொண்டு வரேன். தொடட்டுமா?” ஒவ்வொரு முறையும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் சாவி சரி என்று சொன்ன பிறகுதான் தொட்டாள். வேண்டாம் என்று சொன்ன நாட்களில் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து கால்களை மட்டும் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

மல்லாந்து மிதக்கத்தான் முதலில் கற்றாள். கோச்சின் கை எப்போது விலகியது என்று அவளுக்குத் தெரியாது. காது இரண்டும் தண்ணீருக்குள், கண் கூரையில். எழுந்து நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீரா கண்ணீரா என்று நாங்கள் கேட்கவில்லை.

“உள்ள எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“யாருமே கூப்பிடல அக்கா. நான் அப்படியே இருந்தேன்.”

பிறகு மாமியாரையும் இழுத்துவிட்டாள். கேட்காத காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று டாக்டர் எச்சரித்ததால், காதில் அடைப்பான் வைத்து, தொப்பி மாட்டி, ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா இடுப்பளவு நீரில் நிற்பார். நீந்த மாட்டார். நீந்துகிறவர்களைத் திருத்துவார். “காலை அகட்டாத, மடக்கு” என்று அவர் அதட்டினால் கோச்சே காலை மடக்குவாள்.

இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சொந்தக்காரர் மூலமாகத் தகவல் வந்தது. மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் உடைந்து கிடக்கிறான். பார்க்க ஆளில்லை.

அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம், “நான் போய்ட்டு வரட்டுமா?” என்று மருமகளைக் கேட்டார். அனுமதி கேட்கிற குரல்.

“பெத்தவங்க நீங்க. போங்க அத்தை” என்றாள் சாவி. பஸ் ஏற்றிவிட்டு வந்து, வழக்கம்போல ஜன்னலைத் திறந்து சாவி கொடுத்தாள்.

மாலையில் நான் அவள் அறைக்குப் போனேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “எனக்கு என்ன சமைக்கறதுன்னு தெரியல அக்கா. முன்ன அவருக்குப் பிடிச்சது. அப்புறம் அத்தைக்குப் பிடிச்சது. எனக்கு என்ன பிடிக்கும்?” நிஜமாகவே என்னைத்தான் கேட்டாள், ஏதோ எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல. தினம் ஒன்றாகச் செய்து பார்க்கச் சொன்னேன். செய்து பார்த்தாள். முட்டையை மஞ்சள் கரு இளகலாக வேகவைத்தால் தனக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்த நாளில் எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். கத்தரிக்காய் பிடிக்கவே பிடிக்காதாம். இத்தனை வருஷம் மறுபேச்சில்லாமல் தின்றிருக்கிறாள்.

ஆனாலும் வாசலில் பஸ் சத்தம் கேட்டால் தலை திரும்பும். “வர மாட்டாங்க அக்கா. நானா இருந்தாலும் வர மாட்டேன். பிள்ளை பிள்ளைதானே?” என்பாள். அதே வாயால், “வந்தா அவங்களுக்குக் காதுக்கு வேற அடைப்பான் வாங்கணும், பழசு கிழிஞ்சிருக்கு” என்பாள். பயம் ஒரு பக்கம் இருக்க, அந்த நாட்களில்தான் ஆழமான பக்கத்துக்கு நீந்திப் போனாள். தரை எட்டாத இடத்தில் மிதந்தபடி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் கரையிலிருந்து, தூக்க முடிந்தவரை கையைத் தூக்கினேன்.

மாதங்கள் ஓடின. ஒரு மதியம், வரிசை கலைந்துவிட்ட நேரம், ஜன்னலுக்கு எதிரே ஒரு பை தொப்பென்று விழுந்தது.

“ஒரு சாவி குடும்மா” என்றார் மாமியார்.

சாவி ஜன்னல் வழியாகவே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கையை விட்டால் போய்விடுவாரோ என்று.

“அவருக்குக் கால் எப்படி இருக்கு?”

“கால் சரியாயிடுச்சு. கைதான் அப்படியே இருக்கு.”

பிறகு விவரம் சொன்னார். நடக்க ஆரம்பித்த கொஞ்ச நாளில், தேநீர் ஆறிப்போயிற்று என்று மகன் கையை ஓங்கியிருக்கிறான், பெற்ற தாயை நோக்கி. அந்த அம்மா நகரவில்லையாம். “உங்கப்பன் ஓங்குனப்ப எனக்குப் போக இடம் இல்லடா. இப்ப இருக்கு” என்று சொல்லிவிட்டு, தேநீரை மறுபடி சூடாக்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். “எதுக்கு அத்தை மறுபடி சூடு பண்ணிக் குடுத்தீங்க?” என்று சாவி கேட்டாள். “குறை சொல்ல இடம் வைக்கக்கூடாதுல்ல” என்றார் அவர். இதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

அன்று மூவரும் அந்த அறையில் ஒன்றாகச் சாப்பிட்டோம். தட்டைக் கழுவப் போன அந்த அம்மா, குழாயைத் திறந்தவர், அப்படியே நின்றார். பிறகு அதை மூடிவிட்டுத் திரும்பினார்.

“நான் அப்பல்லாம் குழாயைத் திறந்து விட்டது, எனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான்.”

“தெரியும் அத்தை.”

“ஒரு காதுதான் இருக்கு. அதையும் மூடிக்கிட்டேன். கோவம் இல்லையா உனக்கு?”

சாவி யோசித்தாள். அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

“இருந்துச்சு. கொஞ்சம் இன்னும் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க அடுப்பை அணைச்சீங்களே அத்தை, அதுவும் இருக்கு. என்னைப் பெத்தவங்ககூட என்னைச் செருப்பைப் போடுன்னு சொல்லல.”

அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாவி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் மீதித் தட்டுகளைக் கழுவினேன்.

இப்போது சாவி உயிர்காப்பாளர் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். பெண்கள் நேரத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுகிறவள் அவள்தான். தண்ணீரில் இறங்கத் தயங்கி நிற்கும் பெண்களைக் கண்டால் கோச் அவளிடம்தான் அனுப்புகிறாள். தொடுவதற்கு முன் கேட்கிற பழக்கம் அவளிடமும் இருக்கிறது. சில பெண்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதுமே உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அவள் அதிகம் பேசுவதில்லை. படியில் பக்கத்தில் உட்கார்ந்து காலை அடித்துக்கொண்டிருப்பாள்.

என் கை இப்போது காதைத் தொடுகிறது. டாக்டர் நீச்சலால்தான் என்கிறார். இருக்கட்டும். பெரிய கண்ணாடியில் தலை சீவிக்கொள்கிறேன், அதுவும் கூட்டத்துக்கு நடுவில்.

சென்ற மாதம் சாவி கடைக்குப் போய்த் தனக்கென்று ஒரு நீச்சல் உடை வாங்கி வந்தாள். கையில்லாதது, முதுகு பாதி திறந்தது, கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம். போட்டுக்கொண்டு வெளியே வந்தவளை, தண்ணீரில் கம்பியைப் பிடித்து நின்ற மாமியார் மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடி கலர் இது? ரோடு போடறவங்க மாட்டிக்கிற சட்டை மாதிரி!”

“எனக்குப் பிடிச்சிருக்கு அத்தை” என்று சொல்லிவிட்டு, ஓடிவந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு பொத்தென்று குதித்தாள். தண்ணீர் எகிறி மாமியாரின் தொப்பி, முகம், எல்லாம் நனைந்தது. “ஓடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு, நீயே ஓடறியே, உன்னைக் கேக்க ஆளில்லையா!” என்று அந்த அம்மா கத்தியது கடைசித் தடுப்பு வரைக்கும் கேட்டது.